ஒன்பதாம் நொடி

பதினோரு நொடிதான் முன்னோட்டம்.
இருநூறு முறை நிறுத்திப் பார்த்தாயிற்று.

ஒன்பதாம் நொடியில்
கறுத்த நீர்ப்பரப்பின் விளிம்பில்
ஏழு வெள்ளைப் புள்ளிகள்.

ஏழு என்றால் ஏழாம் பாகம் என்கிறான் குனிஹிகோ.
ஐந்தாம் பாகத்தில் செத்த அரசி
திரும்பி வருகிறாள் என்று
ஒசாகாவிலிருந்து சத்தியம் செய்கிறாள் மிஃபுயு;
புள்ளிகள் அவள் கிரீடத்தின் கற்களாம்.
யாரோ ஒருவன் வெளிச்சத்தைக் கூட்டி
டிராகனின் பற்கள் என்று வட்டம் போட்டிருக்கிறான்.
வட்டம் போட்டால் எதுவும் பல்தான்.

எட்டு வருடமாய் இப்படி.
இசையமைப்பாளர் தாடியை மழித்தால்கூட
எங்களுக்கு அது சேதி.

ஹகோடாடேயில்
கணவாய் மீன் உலர்த்தும் ஆலையில்
எனக்கு இரவு வேலை.
தேநீர் இடைவேளையில் பின்கதவைத் திறந்தேன்.
நீரிணையில், வெகு தொலைவில்,
படகுகள் விளக்கேற்றி நின்றன.
எண்ணினேன்.
போன வருடம் பதினெட்டு. இன்று ஏழு.

கைப்பேசியைக் கடலுக்கு நேராய்ப் பிடித்தேன்.
படத்திலும் மூன்றாவது புள்ளி கொஞ்சம் மஞ்சள்:
நொகுச்சியின் படகு,
பல்பு மாற்றக் காசில்லாதது.

ஆக, வரைந்தவர் எவரோ
இந்தக் குப்பைத்தொட்டி அருகில்
ஓர் இரவு நின்றிருக்கிறார்.

குனிஹிகோவுக்குத் தட்டினேன். அழித்தேன்.
அரசி இன்னும் சில நாள் உயிரோடு இருக்கட்டும்.

காலையில் அறிவிப்பு:
வெளியீடு மறுபடியும் தள்ளிவைப்பு,
பொறுத்தருள்க.
எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள்.
நான் ரப்பர் பூட்ஸைக் கவிழ்த்து
நீரை வடித்தேன்.
நொகுச்சியின் படகு கரை சேர்ந்திருந்தது,
பாதிகூட நிறையாத கூடைகளோடு,
பகலிலும் விளக்கை அணைக்க மறந்து.