திருகாணி ஒன்றின் பொறுப்பில்

கோல கெட்டிலில் மழை நாலு மணிக்கு.
அதற்கு முன்னே வந்துவிட்டார் தைரியநாதன்,
செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால்
நார்ட்டனைத் தள்ளிக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்டி.
"ஏத்தத்துல வழுக்குது. நாளைக்குப் பினாங்கு ஆள் வாரான்.
இன்னைக்கே கிளட்சைக் கழட்டும்மா."

இடது கால்மிதியை எடுத்தேன்.
அந்தப் பெரிய மூடி முழுவதற்கும் ஒரே நட்டு.
வெள்ளைக்காரன் அங்கே மட்டும் சிக்கனம் பார்த்திருக்கிறான்.
கீழே தட்டு வைத்திருந்தேன்;
கோப்பிக் கடை அடிமண்டி நிறத்தில் எண்ணெய் இறங்கியது.

உள்ளே அது உட்கார்ந்திருந்தது:
வட்டத் தகடு, நடுவிலிருந்து விரிந்த வெட்டுகள்,
ஓரத்தில் காவலுக்கு ஒற்றைக் கம்பி வளையம்.
ஸ்பிரிங் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.
சுருள் ஸ்பிரிங் என்றால் அமுங்கியிருப்பது தெரியும்,
தொடுமுன் ஒரு பயம் வரும்.
இது சம்பள நாள் கிராணி.
முகத்தில் ஒன்றும் இராது.

"வளையத்தை நெம்பினா வந்துடும்,"
ஸ்குரூ டிரைவரை நீட்டினார்.

நான் சுவரைக் காட்டினேன்.
தகரத்தில், இடுப்புக்குக் கீழே,
பிறை வடிவில் ஒரு கிழிசல்.
எனக்கு முன் கடை வைத்திருந்த லிம் நெம்பியது.
வளையம் ஒரு பல்லை எடுத்துக்கொண்டது,
தகடு சுவருக்குப் போனது.
மதியம் அதன் வழியே வெயில் வரும், பிறகு சாரல்.

தைரியநாதன் அதில் விரலை விட்டுப் பார்த்தார்.
ஸ்குரூ டிரைவரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நடுவிலிருந்த அட்ஜஸ்டரைக் கழற்றி
அதே மரையில் என் போல்ட்டை ஏற்றினேன்,
வெறும் கையால், அடி வரை.
பாதி மரையை நம்பக் கூடாது.
அதன் மேல் பழைய தண்ணீர் பம்பில் அறுத்த குழாய்வாய்,
வாஷர், நட்டு.
கால் சுற்று.
கால் சுற்று.
நடு வெளியே வர வரக் குழி நிமிர்ந்தது.
ஒருமுறை 'டக்' என்றது.
இருவரும் பின்வாங்கினோம்.
ஒன்றுமில்லை, வாஷர் உட்கார்ந்தது.

மட்டமானதும் தகட்டை விரலால் தள்ளினேன்: சுழன்றது.
இனி அது வளையத்தை முட்டி நிற்கவில்லை.
நேரே நிற்காமல் பக்கவாட்டில் குந்தி
வளையத்தின் நுனியைக் காடியிலிருந்து கிளப்பினேன்.
பின்னல் அவிழ்வதுபோல் சுற்றி வந்துவிட்டது.

கருவியோடு சேர்த்தே தூக்கி
அதே சுவரின் தாழ்ந்த அலமாரியில் வைத்தேன்,
மைலோ டின்னுக்குப் பக்கத்தில்.
"அதைத் தளர்த்திடலாமே, பாவம்?"
"வேணாம். இப்படியேதான் திரும்பப் போகணும்."
தட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு.
பெட்ரோலில் கழுவினால் போதும். கழுவினேன்.
மழை வந்தது.

பினாங்கு ஆள் வரவில்லை.
தைரியநாதனும் வரவில்லை.
போனில், ஈப்போவில் மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறாராம்,
மெதுவாக மாட்டு, அவசரமில்லை என்றார்.

பதினேழு நாள்.
சிவப்புத் துணி சுற்றி 'தொடாதே' என்று
தமிழிலும் மலாயிலும் எழுதினேன்;
சீனத்தில் எதிர்க்கடை ஃபோங் எழுதிக்கொடுத்தாள்.
மைலோ எடுக்கப் போகும் கை
தானாக ஒரு வளைவு வளைந்து போகிறது.
இரவில் தகரக் கூரை அதிர மழை கொட்டும்போது
வீட்டில் படுத்தபடி அந்த நட்டை நினைக்கிறேன்.
எத்தனை மரை பிடித்திருக்கிறது?
பதினொன்று. எண்ணியிருக்கிறேன்.
மறுபடியும் எண்ணுகிறேன்.

இன்று காலை எறும்புகள்.
மைலோ டின்னில் புறப்பட்டு,
போல்ட்டின் தலையில் ஏறி,
தகட்டின் வெட்டுகளில் ஒவ்வொன்றாக இறங்கி ஏறி,
லிம்மின் பிறை வழியாக வெளியே போகின்றன,
ஆளுக்கொரு துகளோடு.

கோப்பை ஆறிக்கொண்டிருக்கிறது.
கடைசி எறும்பு கடக்கட்டும் என்று
ஸ்பேனரோடு நிற்கிறேன்.