நாலரை மீட்டர்

ஹார்லெம் பணிமனையில் இரவுப் பேருந்தை விட்டுவிட்டு
சீருடையோடு அப்படியே வருகிறாள் வீட்ஸ்கெ.
வியாழன்தோறும். இது ஏழாவது.
தோளில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ்,
பன்னிரண்டு தவணையில் வாங்கியது.
ஒன்பதாவது நேற்றுதான் போனது.

வாயில் பலகையில் ஒரு கோழிக்கால்,
மேலே சிவப்புக் கோடு:
விலங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்.
பலகையின் அடியிலேயே
ஒரு முட்டை ஓடு.

கடலுக்கும் ஊருக்கும் நடுவே
மேடு மேடாய்ப் படுத்திருக்கிறது மணல்.
ஆம்ஸ்டர்டாம் குடிக்கப் போகும் தண்ணீர்
கோடு போட்டு வெட்டிய வாய்க்கால்களில்
அவசரமில்லாமல் நிற்கிறது.
முட்புதரெல்லாம் ஆரஞ்சுப் பழம்.
அவள் தேடுவதும் அந்த நிறத்தைத்தான்,
ஆனால் நான்கு காலோடு.
காய்ந்த பெரணியை இருமுறை குறிபார்த்தாள்.
யாரோ ஒருவருடைய நாயின் மழைச்சட்டையை ஒருமுறை.

பதினொரு மணிக்கு வெயிலோடு மழை.
காக்கைக்கும் நரிக்கும் கல்யாணம்.
காக்கைகள் வந்துவிட்டன, சுற்றத்தோடு.
மாப்பிள்ளையைத்தான் காணோம்.

மரப்பாலத்தின் நட்டநடுவில்,
எல்லோரும் பார்க்கட்டும் என்றே இட்டதுபோல்,
நரி விட்டுப்போனது கிடந்தது.
குச்சியால் கிளறினாள்.
பச்சையாய் மின்னும் வண்டுச் சிறகு,
முயல் மயிர், பழவிதை,
அஞ்சல்காரர்கள் கட்டுக்குப் போடும் ரப்பர் வளையம்.
மண்டியிட்டு அதைப் படமெடுத்தாள்.
ஏழு வியாழன்களில் முதல் படம்.

மூன்றாம் வாய்க்கால் திருப்பத்தில் ஆறு முக்காலிகள்.
ஹிட்டெ இருந்தான், காதுகேட்கும் கருவி விற்பவன்,
சட்டைப்பையில் ஈரமாய் ஒரு தொத்திறைச்சி.
"இங்கேயே நில். கூப்பிட்டால் வரும்."
"பேர் என்ன?"
"பேரெல்லாம் கிடையாது. பிளாஸ்டிக் பையைச் சரசரக்கணும், அவ்வளவுதான்."

அவள் நிற்கவில்லை.
நல்லவள் என்பதால் அல்ல.
இரவு முழுக்க
யாரோ பொத்தானை அழுத்தினால் நிற்கிறவள் அவள்.

மேட்டுக்குப் பின்னால் காற்றில்லாத ஒரு குழிவு.
பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைத் தின்றாள்.
இடது கையுறையைக் கழற்றி மடியில் போட்டாள்.
எட்டு மணிநேரச் சாலை
இன்னும் கண்ணிமைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.
எந்த நிறுத்தத்தில் அது நின்றதென்று தெரியாது.

கண் விழித்தாள்
நரி முகத்தில்.

ஒரு கை தூரம்.
மீசை நுனியில் ஒரு மழைத்துளி.
இடக்கண்ணின் மேல் உண்ணி,
ஊறிய துவரம்பருப்பு அளவு.
செங்குத்தாய்க் கீறிய கண்மணிகள் இரண்டும்
அவளைப் பார்க்கவில்லை, மடியைப் பார்த்தன.

மூச்சை விடாமல் கேமராவை உயர்த்தினாள்.
லென்ஸ் முன்னே போனது, பின்னே வந்தது,
ர்ர்ர் என்று துழாவியது.
உள்ளே வெறும் செம்மஞ்சள் மூட்டம்.
நாலரை மீட்டருக்கு இந்தப் பக்கம்
உலகம் இருப்பதே அதற்குத் தெரியாது.

அவள் நகர முடியாது, முதுகுக்குப் பின்னால் மணல்.
வாய் தானாகச் சொன்னது,
பதினான்கு வருடமாய்ச் சொல்லும் அதே குரலில்:
"பின்னால் போங்க, பின்னால் இடமிருக்கு."
பயணிகளைப் போலவே
அதுவும் காதில் வாங்கவில்லை.
கையுறையைக் கவ்விக்கொண்டது.
பாலாடைக்கட்டி மணந்த பெருவிரல்
வாயோரம் தொங்க,
வாடகை பாக்கி வசூலித்துப் போகிறவர் நடையில்
மேடேறிப் போனது.

பிறகுதான் லென்ஸ் தெளிந்தது.
கிடைத்த படத்தில் புல்.
ஒவ்வொரு தாளும் தனித்தனியாய், கத்தி மாதிரி.
ஓரத்தில் ஒரு தாள் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருப்பதால்
கலங்கியிருக்கிறது.

வாயிலில் காவலர் ஃபென்னா,
சைக்கிளைப் பூட்டியபடி: "இன்றைக்காவது கிடைத்ததா?"
"கையுறை போச்சு," என்றாள் வீட்ஸ்கெ.
சிரிப்பை அடக்க முடியவில்லை.
உணவு கொடுத்த கணக்கில் இது சேருமா என்று
ஃபென்னா யோசிப்பது தெரிந்தது.

வெள்ளி இரவு, கடைசிப் பேருந்து.
ஸ்டீரிங்கின் மேல் ஒரு கை உறையோடு,
ஒரு கை வெறுமையாய்ச் சில்லிட்டு.
பதினேழு பேர் ஏறினார்கள்.
அட்டையைத் தொட்டார்கள், பீப், உள்ளே போனார்கள்.
யார் முகத்தில் விழித்தாய் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
இன்னும் மூன்று தவணை பாக்கி.