ஐந்தெழுத்து

முகாம் வாசல் பலகையில்
புதுப் பெயர் எழுத வேண்டுமாம்.
ஆர்.ஐ. என்னைத்தான் கூப்பிட்டார்.
நீதான் பெயிண்டராச்சே,
உங்க பலகைக்கு நீயே கூலி கேட்பியா என்றார்.
பெயிண்டுக்கு மட்டும் பில் கொண்டுவரச் சொன்னார்.

அகதிகள் என்றிருந்த இடத்தில்
மறுவாழ்வு.
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்
இரண்டுக்கும் ஐந்தெழுத்து.
அம்மா விடியலில் ஓதுகிற ஐந்தெழுத்து வேறு.
பலகையை நீட்டவும் வேண்டாம்
முகாமை நகர்த்தவும் வேண்டாம்.

ப்ரைமர் அடிக்காவிட்டால்
பழைய சிவப்பு மூன்று மழையில் எட்டிப் பார்க்கும் சார் என்றேன்.
அப்போ பார்த்துக்கலாம்.

ஏணியில் நின்று உப்புத்தாள் தேய்த்தேன்.
அந்தச் சிவப்பை எழுதியது
சாந்தலிங்கம் அண்ணை.
ககரத்துக்கு மட்டும் ஒரு சின்ன வால் விடுவார்,
அதைத் தேய்க்கத்தான் நேரமெடுத்தது.
பிறகொரு நாள் ஆஸ்திரேலியாவுக்கென்று படகேறிப் போனார்.
பேப்பரில் படம் வந்தது:
கடல், படகு,
சிந்திய கடுகு போலத் தலைகள்.
ஊடுருவ முயற்சி என்று மேலே எழுதியிருந்தார்கள்.
கமலாம்பிகை அக்கா
பெண்ணாகரம் பஸ் ஸ்டாண்டு வாட்ச் கடையில்
பூதக்கண்ணாடி இரவல் வாங்கிப் பார்த்து
மூன்றாம் வரிசையில் ஏழாவது கடுகு
தன் மனுசன் என்றாள்.
கத்தரித்து வைத்திருக்கிறாள்.
தலைப்பை விட்டுவிட்டு.

கீழ்க்காட்டில் கிணற்று மோட்டார் காணாமல் போனபோது
ராத்திரியே ஜீப் எங்களிடம் வந்தது.
'அகதி வாலிபரிடம் விசாரணை' என்று போட்டார்கள்.
பன்னிரண்டு நாள் கழித்துக் கிடைத்தவன்
வெறும் 'வாலிபர்'.

பெயிண்ட் கடை மாதையன் நல்ல மனுசர்.
நீ பேசறது கேக்க இனிப்பா இருக்குது,
இன்னொரு தரம் சொல்லு என்பார்.
சொல்லுவேன்.
அரை லிட்டர் வெள்ளை கடனாகக் கேட்டால்
ஊர்க்காரன் ஒருத்தன் கையெழுத்துப் போடணும் என்பார்.
அவர் மகனும் நானும்
அதே பெண்ணாகரம் ஆஸ்பத்திரியில்
ஒரே வாரம் பிறந்தோம்.
அவன் ஒசூரில் இருக்கிறான்.
நான் ஆறு மணிக்குள் முகாமில் இருக்க வேண்டும்.

புதுப் பலகையைப் படமெடுக்க டிவிக்காரர் வந்தார்.
பலகைக்குக் கீழே ஒரு குழந்தை வேண்டுமென்றார்.
என் மகள் டிலக்சனா ஓடிப்போய் நின்றாள்
முன்பல் விழுந்த வாயைத் திறந்து சிரித்தபடி.
சிரிக்காதே பாப்பா.
கொஞ்சம் தூரமாப் பாரு.
எதாவது தொலைஞ்ச மாதிரி.
அவளுக்குத் தொலைந்தது பல் ஒன்றுதான்,
அதை நினைத்துக்கொண்டாள் போல.
நன்றாக வந்தது என்றார்.

இப்போது யார் போனைத் தூக்கினாலும்
அந்த முகத்தை எடுத்து வைக்கிறாள்.
பிறந்தநாள் கேக்குக்கு முன்னாலும்
அதே முகம்.

தூரிகை கழுவ மண்ணெண்ணெய் இல்லை.
நகக்கண்ணில் வெள்ளை ஒட்டியபடியே
மறுநாள் தர்மபுரிக்கு வேலைக்குப் போய்
பொழுது சாய பஸ்ஸேறினேன்.
புளியமரங்கள் இரண்டு பக்கமும் ஓடின.
கண்டக்டர் புதுசு.

எங்க போகணும்?
மறுவாழ்வு முகாம் ஒண்ணுங்க.
அப்படி ஒரு ஸ்டாப்பிங்கே இல்லையே.
அணைக்கு முன்னாலே, வளைவிலே,
பெரிய பலகை இருக்குமே.
எந்தப் பலகை?

பின்னால் நெருக்கினார்கள்.
கூடை வைத்திருந்த அம்மா ஒருத்தி
சீக்கிரம் சொல்லேன்ப்பா என்றாள்.
கதவோரம் காற்று.
ஆறாவதற்கு இன்னும் இருபது நிமிடம்.

அகதி கேம்ப் ஒண்ணு, என்றேன்.

அப்படிச் சொல்ல வேண்டியதுதானே,
என்று சிரித்து
டிக்கெட்டைக் கிழித்தார்.
சரியான சில்லறை
தேடித் தந்தார்.