வாடகை பாக்கி

மை உறைந்துவிடும், பென்சில் எடுத்துப் போ
என்றார்கள் உலான்பாத்தரில்.
மூன்று எடுத்துப் போனேன்.
பதினெட்டுப் பக்கப் படிவம்,
ஜீப்பில் இரண்டு நாள்.

மார்ச். கோபியின் வடக்கு விளிம்பு.
பனிமேல் பனி இறுகி
குளம்பு கொத்தியும் புல் எட்டாத வருடம்.
பத்சூரியின் கூடாரத்துக்குப் பின்னால்
செத்த ஆடுகளை விறகுபோல் அடுக்கியிருந்தார்கள்.

நவ்சா உப்புத் தேநீர் தந்தாள்.
கேள்வி ஒன்பது, கறந்த பால்.
கேள்வி பத்து, அதில் விற்றது எவ்வளவு, குடித்தது எவ்வளவு.
குடித்ததற்கும் விலை போடுவோம்,
சந்தையைப் பார்க்காமலே அது நாட்டின் கணக்கில் சேரும்.
எரிக்கப் பொறுக்கிய சாணி சேரும்.
சுமந்து வந்து உருக்கிய பனி,
அதுவும் தண்ணீர்தானே, சேரும்.
இந்தத் தேநீர்? என்றாள்.
பாலும் உப்பும் சேரும்.
காய்ச்சிய கை சேராது.

அவள் சிரிக்கவில்லை. எழுந்து போனாள்.
ஓரத்தில் கட்டியிருந்த தாயாடு
தன் குட்டியை உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது.
அதன் முதுகைத் தடவி
தோய்க், தோய்க் என்று
இரண்டே சுரத்தில் பாடத் தொடங்கினாள்.
நான் ஐந்து பக்கம் திருப்பும்வரை பாடினாள்.
மடி இளகியது.
குட்டி குடிக்கும் பாலுக்கு
எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

செத்தவை நூற்று நாற்பத்தாறு.
இழப்புக்கு வேறு அட்டவணை, வேறு மாடி.
நான் கேட்க வேண்டியது தோல் விற்ற காசு.
எல்லையிலிருந்து லாரி வந்ததாம்.
லாரிக்கு டீசல், ஓட்டியவனுக்குக் கூலி,
மிச்சத்தைப் புதைக்க மாவட்டம் கொடுத்த பணம்,
எல்லாமே கூட்டல்.
கழித்தல் குறியைத் தேடித் தவித்தேன் என்றால் பொய்.
விரல் விறைத்திருந்தது,
சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

கடைசிக் கேள்வியில் எனக்கு எப்போதும் கூச்சம்.
"இந்தக் கூடாரத்தை
உங்களுக்கே நீங்கள் வாடகைக்கு விட்டால்
மாதம் எவ்வளவு கேட்பீர்கள்?"

பத்சூரி அண்ணாந்து கூரை வளையத்தைப் பார்த்தான்.
வாடகைக்கு வந்தவன்போல் கம்பளிச் சுவரைத் தட்டினான்.
"ஓர் ஆடு" என்றான்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"குடியிருக்கிற ஆள்தான் சரியில்லை.
டிசம்பரிலிருந்து தரவில்லை."

பாக்கி எழுத இடமில்லை.
வருடத்துக்குப் பன்னிரண்டு ஆடு என்று எழுதினேன்.

ஜூனில் எண் வெளிவந்தது.
அதற்குள் எங்கோ,
தசமப் புள்ளிக்கு வெகு தொலைவில்,
அந்தப் பன்னிரண்டும்
மேய்ந்துகொண்டிருக்கின்றன.