இருபத்து நான்கு அறை, ஒரு சந்து

சண்டை தொடங்கியது ஒரு திருகாணியில்.
எறும்பின் தலையளவுதான்.
பள்ளத்தூர் டீச்சரின் கண்டாங்கி ரவிக்கைக்குள் போய்த்
தோளைக் கீறிவிட்டது.
மறுவாரம் என் கொக்கி ஒன்று
யாருடைய போனுக்குள்ளோ உட்கார்ந்துகொண்டு
சார்ஜ் ஏறவிடவில்லை.

செக்காலையில், மாடிப்படிக்கு அடியில்
ஒரு கடை. ஒரே மேசை.
எனக்குத் தையல், அடைக்கலத்துக்கு செல்போன்.

கல்லுக்கட்டி மருந்துக்கடையில்
குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டி.
பத்து ரூபாய் என்றார்கள், எட்டுக்குக் கேட்டேன்,
சும்மாவே எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள்.

முதலில் தாளில் போட்டேன்.
ஆறுக்கு நான்கு, இருபத்து நான்கு அறை.
பன்னிரண்டு எனக்கு, பன்னிரண்டு அவனுக்கு.
ரவிக்கை வெட்டுகிறவளுக்கு
அட்டை வெட்டத் தெரியாதா என்ற மிதப்பு.

தெரியவில்லை.
துணிக்கு நேர்நூல், குறுக்குநூல் இருப்பதுபோல
அட்டைக்குள்ளும் நெளிநெளியாய் ஓடுகிறது ஒரு வாட்டம்.
அதைப் படுக்கவைத்து வெட்டியிருக்கிறேன்.
பொத்தான்களைக் கொட்டியதும்
தடுப்புகள் ஒவ்வொன்றாய் முழங்கால் மடக்கி உட்கார்ந்தன.
"பந்தியில சோறு போட்டாச்சா?" என்றான்.
அன்று மதியம் அவனுக்கு ரசம் மட்டும்.

இரண்டாம் முறை
நெளிவு நிமிர்ந்து நிற்கும்படி வெட்டினேன்.
பாதி உயரத்துக்கு மேலிருந்து ஒரு கீறல்,
பாதிக்குக் கீழிருந்து ஒரு கீறல்.
ஒன்றின் வாயில் ஒன்று
முறுக்கிக்கொள்ளாமல் நுழைந்தது.
பசைக்கு மைதா காய்ச்சினேன்.
கரப்பான் தின்னாமலிருக்க
போஸ்டர் ஒட்டுகிறவர் சொன்னபடி
ஒரு சிட்டிகை மயில்துத்தம்.
என் அறைகளுக்கு மீந்த லைனிங் துணி.
அவன் அறைகளுக்கு, அடியில்,
செத்துப்போன ஸ்பீக்கர்களின் காந்தம்.
மேசையைத் தட்டினாலும் திருகாணி குதிக்கவில்லை.
அந்த யோசனை அவனுடையது. ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு தப்பு மட்டும்.
அட்டையின் கனத்தை இரண்டு தடவை கழித்திருக்கிறேன்.
நடுவில், அவன் பக்கத்துக்கும் என் பக்கத்துக்கும் இடையே
சுண்டுவிரல் மட்டும் நுழைகிற சந்து.
தாளில் இல்லாதது அது.
இரண்டு நாள் காலியாகக் கிடந்தது.
நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.
மூன்றாம் நாள் அவனுடைய சிம் ஊசி அதில் நின்றது.
பக்கத்தில் என் தையல் பிரிக்கும் ஊசியை நிறுத்தினேன்.
இப்போது சிம் எடுக்க அவன் என் ஊசியை எடுக்கிறான்,
நான் அவனுடையதால்
நூல் சிக்கிய பாபினைக் குடைகிறேன்.

டீச்சர் மறுபடி வந்தார்.
சண்டைக்கு என்று நினைத்தோம்.
பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"சாக்பீஸ், பின்னு, ரப்பர்னு எல்லாம் ஒண்ணாக் கிடக்கு.
இது எங்க கிடைக்கும்?"
"ஆர்டருக்குச் செய்யிறது" என்றான், கண் இமைக்காமல்.
"எவ்வளவு?"
இருநூறு என்றேன் நான்.
முன்னூறு என்றான் அவன்.
இரண்டும் ஒரே நேரத்தில்.

இன்னொரு பெட்டிக்கு
நாளைக்கு மருந்துக்கடைக்குப் போக வேண்டும்.
இதன் ஓரத்தில் அச்சடித்த இரண்டு அம்புகள்,
வானத்தைக் காட்ட வேண்டியவை,
பெட்டியைப் படுக்கவைத்ததில் என் பக்கம் காட்டுகின்றன.
அதன்மேல் மட்டும்
எதையும் ஒட்டவில்லை நான்.