சாயம் போகுமா

மழை வரும் என்று எல்லோரும் சொல்லி
வராமல் போன சனிக்கிழமை.
ஈவினிங் பஜார் சந்தில் ஒரு ஸ்டேஷனரிக் கடை.
தண்ணீர் தொட்டால் கரையும் கலர் பென்சில்,
தகர டப்பாவில் இருபத்துநாலு,
நூற்றி அறுபது ரூபாய், தூரிகை இலவசம்.
துணிக்கடைகளில் கேட்டுக் கேட்டு
நாக்கில் ஏறிய கேள்வி
தானாக வந்துவிட்டது:
"சாயம் போகுமாங்க?"
கடைக்காரர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"போகும் மேடம்.
போகலைன்னா திருப்பிக் குடுங்க."

பெரம்பூர் வரை மடியில் குலுங்கியது டப்பா.
ரெண்டு முனையாவது ஒடிந்திருக்கும் என்று நினைத்தேன்.
நாலு ஒடிந்திருந்தன.

ஃபேன் ஓடினால் தாள் நிற்காது.
ஃபேன் நின்றால் நான் நிற்க முடியாது.
தாள் பக்கம் சாய்ந்தேன்.

கட்டம் கட்டமாகக் கிறுக்கி
பாதியை விட்டு, பாதியில் ஈரத் தூரிகை.
மஞ்சள் இருக்கிறதா என்று
ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டியிருந்தது.
சிவப்பு, தண்ணீரைக் கண்டதும் ஊரைக் கூட்டியது,
பக்கத்துக் கட்டத்து ஆரஞ்சின் வாசல்வரை போய்.
பச்சை மூன்று. மூன்றுக்கும் பெயர் வேறு, பச்சை ஒன்று.
வெள்ளை எதற்கென்று தெரியவில்லை,
அதன் முனை மட்டும் ஊசியாக இருந்தது.
நீலம் கரையவே இல்லை.
தேய்த்தேன். இன்னும் கொஞ்சம் தண்ணீர்.
லாரி ஆபீஸில் பாக்கி கேட்டால்
சுவரைப் பார்த்து நிற்கும் பார்ட்டிகள் போல
கோடு கோடாகவே நின்றது.
தூரிகை மயிர் ஒன்று உதிர்ந்து அதன்மேல் ஒட்டிக்கொண்டது.

தண்ணீரின் குற்றமோ என்று பட்டது.
எங்கள் போர் தண்ணீர் சோப்பையே நுரைக்க விடாது.
அதனால் மூன்று டம்ளர்:
போர், கேன், குடத்தின் அடியிலிருந்த
குளோரின் வாசனை மெட்ரோ.
கேன் தண்ணீரில் பழுப்பு வெண்ணெயாகக் கரைந்தது.
போர் தண்ணீர் காய்ந்த இடத்தில்
ஓரமெல்லாம் உப்பு பூத்தது,
அதுவும் பார்க்க மோசமில்லை.
நீலம் மூன்றுக்கும் மசியவில்லை.

பிறகு எதிர் மாடியை வரைந்தேன்.
கறுப்புத் தண்ணித்தொட்டி,
அதன் மூடிமேல் ஒரு செங்கல்,
எங்கோ பார்க்கும் பழைய டிஷ்,
கொடியில் யாருடையதோ நீலச் சட்டை.
நீலத்தை நம்பி வானத்தைத் தர முடியாது,
பழுப்பிலேயே போட்டேன்.
வியாசர்பாடிப் பக்கத்து வானம்தானே,
பெரிய பொய் இல்லை.

தொட்டிக்குச் சாம்பல் தீட்டக் குனிந்தபோது
முகவாயிலிருந்து ஒரு சொட்டு வியர்வை
நேராகத் தொட்டியின் வயிற்றில்.
துடைக்கக் கை போவதற்குள்
சாம்பல் பிரிந்துகொண்டது.
உள்ளே ஊதா இருந்திருக்கிறது.
டப்பாவில் எழுதாத ஒரு பச்சையும், கொஞ்சம்.
நாலு மணி வெயில் பட்ட பிளாஸ்டிக்
அப்படியேதான் இருக்கும்.
இன்னொரு சொட்டு விழட்டும் என்று
குனிந்தே இருந்தேன், கழுத்து வலிக்கும்வரை.
தேவைப்படும்போது வருமா.

ஏழு மணிக்கு ஜெசிந்தா வந்தாள்,
டயாலிசிஸ் வார்டில் டபுள் ட்யூட்டி.
பையைக்கூட இறக்காமல்
நடு டம்ளரை எடுத்து மடக்கென்று குடித்தாள்.
"தண்ணி ஒரு மாதிரி இருக்கேடி. மெட்ரோவா?"
கேன்தான் என்றேன்.
பழுப்பைப் பற்றிச் சொல்லவில்லை.

படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.
தொட்டியைத் தாண்டினாள், ஊதாவைத் தாண்டினாள்.
"இந்தச் சட்டை நல்லாருக்கு.
கோடு கோடா, நெஜத் துணியாட்டம்.
எப்படிப் போட்ட?"
நான் போடவில்லை, அது கேட்கவில்லை என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை, தூங்கப் போனாள்.

பத்து மணிக்குத் துணி ஊறவைத்தேன்.
போன மாதம், சாயம் போகவே போகாது என்று
தி.நகரில் ஒருவர் தலையிலடித்துச் சத்தியம் செய்து
கொடுத்த சுடிதார்.
வாளி முழுக்கப் பச்சை.
அவரைத் திட்டிக்கொண்டே கவிழ்க்கப் போனவள்
பாதியில் நிறுத்தினேன்.
டப்பாவின் மூன்று பச்சையிலும் இல்லாத பச்சை.

வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு
ஜெசிந்தா விழிக்காமல், விளக்குப் போடாமல்,
தூரிகையைத் தேடப் போனேன்.