எப்போதாவது

கிட்டரியில் அன்று உறைபனி மழை.
ஒடெட் பெலெட்டியர் கதவைத் திறந்தபோது
விரல்களில் ரொட்டி மாவு ஒட்டியிருந்தது.
அடையாள அட்டையை நீட்டினேன்.
யாரும் அதை முழுதாகப் படிப்பதில்லை.
அவள் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

நான் தீர்ப்பு எழுதுபவன் அல்ல.
கேட்பவன். கேட்டதை எழுதுபவன்.
வாடகைக் காரில் மதிய உணவை முடித்துக்கொண்டு
அடுத்த வாசலில் மணியடிப்பவன்.
என் கோப்பும் எங்கோ திறந்துதான் இருக்கிறது;
என்னைப் பற்றி என் பக்கத்து வீட்டில்
யாரோ விசாரித்துவிட்டுப் போவார்கள்.

கப்பல் தளத்தில் அவளுக்கு வேலை தயார்.
நீர்மூழ்கியின் பற்றவைப்புகளை எக்ஸ்ரே படத்தில் பார்த்து,
மயிரிழை விரிசலும் இல்லையென்றால்
கீழே கையெழுத்திட வேண்டும்.
அந்தக் கையெழுத்தை நம்பித்தான்
நூற்றுச் சொச்சம் பேர்
கடலுக்கடியில் போர்வை இழுத்துத் தூங்குவார்கள்.

படிவத்தின் பல கேள்விகளுக்குக் கொஞ்சம் கருணை உண்டு.
ஏழாண்டுக்கு அப்பால் எட்டிப் பார்க்காது.
ஒரு பத்தியில் மட்டும் 'எப்போதாவது' என்றிருக்கும்.
நீதிமன்றம் மூடி முத்திரை வைத்ததையும் எழுது
என்றிருக்கும்.

எழுதியிருந்தாள்.
1999 பிப்ரவரி, பாங்கர் நகரம், முதியோர் இல்லம்,
பதினான்காம் அறை.
எல்வுட் காஃபின் என்பவரின் காசோலைகள் மூன்று.
அறுநூற்றுப் பன்னிரண்டு டாலர்.

"எதற்காக?"
குழந்தைக்குப் பால், அம்மாவுக்கு மருந்து,
இப்படி ஏதாவது வரும் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.
"கார் தவணை," என்றாள்.
"சிவப்புக் கார். நன்றாக ஓடியது."

கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலேயே:
"அவர் பெயரில் இரண்டு எஃப்.
இரண்டையும் ஒரே கோட்டில் வெட்டுவார்.
அதைப் பழக எனக்கு ஒரு வாரம் ஆனது."

மடியில் கனமிருந்தால் வழியில் பயம்.
கனம் இருக்கிறதா என்று பார்க்க நான் வரவில்லை;
எத்தனை பலம் என்று
சரியாகச் சொல்கிறாளா என்றுதான்.
திருடியவர்கள் உள்ளே போய் நான் பார்த்திருக்கிறேன்.
கல்லூரியில் இரண்டே இழுப்புக் கஞ்சா,
அதற்கு 'இல்லை' என்று குறியிட்ட ஒருவன்
வாசலோடு நின்றுவிட்டான்.

எதிர்வீட்டு ஹார்லன் ஸ்ப்ரேக் சொன்னது:
நேர்மையானவள்.
என் வாசலிலும் பனி தள்ளுவாள்.
நாய்தான் ராத்திரியெல்லாம் குரைக்கிறது,
அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி பாக்கி இருந்தது.
"இது வேறு யாருக்குத் தெரியும்?"

குளிர்பதனப் பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது.
"மகளுக்குத் தெரியாது," என்றாள்.
"பத்தொன்பது வயது. கூடத்தான் இருக்கிறாள்."

ஒளித்து வைத்ததை எவன் கண்டெடுத்தாலும்
குடுமி அவன் கையில்.
இந்தக் கேள்வி இருப்பதே அதற்காகத்தான்.
சொல்லிவிடு என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.
பேனாவை மூடினேன். எழுந்தேன்.
மாவு இதற்குள் விரலில் காய்ந்திருந்தது.

பதினோராம் நாள் தொலைபேசியில் அழைத்தாள்.
"சொல்லிவிட்டேன்."

நோயெல் முதலில் சிரித்தாளாம்.
நீயா, காரா, சிவப்பா என்று.
பிறகு கேட்டாளாம்,
அந்தக் கிழவருக்குப் பணம் திரும்பக் கிடைத்ததா?
இரண்டு தவணை வாங்கும்வரை இருந்தார்.
மீதி அவர் தங்கைக்குப் போனது.
ஓ, என்றாளாம்.

"இப்போது சரியாகத்தான் பேசுகிறாள்.
ஆனால் தன் பர்ஸைச்
சமையலறை மேஜையில் வைப்பதில்லை.
மாடிக்கு எடுத்துக்கொண்டு போகிறாள்.
இதையும் எழுத வேண்டுமா?"

அறிக்கையில் அதற்குக் கட்டம் கிடையாது.
கோப்பு இன்று வேறொரு நகரத்துக்குப் போகிறது;
நான் பார்த்தேயிராத ஒரு மேஜையில்
யாரோ எடை போடுவார்கள்,
ஆண்டுகளை ஒரு தட்டில்,
காசோலைகளை மறு தட்டில்.

இரண்டு வார்த்தை எழுதினேன்.
மகளுக்குத் தெரியும்.